தன் மறதியைத் தானே எழுதி வைத்தவர்

சென்ற வியாழக்கிழமை காலை பத்து மணி அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். துணை மின்நிலையத்தில் இருப்பவர்கள் மணிக்கு ஒரு முறை மீட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுதியாக வேண்டும். இரண்டாவது ஃபீடரின் கட்டத்தில் பேனா இருந்தபோது கைப்பேசி அடித்தது. ஏழுமலை அண்ணனின் மகள் கவிதா.

"அத்தை, அப்பா போயிட்டாரு" என்றாள்.

எப்போது என்று கேட்டேன்.

"எட்டு மணிக்கு. மூஞ்சி கழுவிக்கினு வந்து உக்காந்தாரு. கூழு குடுன்னாரு. அம்மா உள்ள போயி எடுத்தாந்தாங்க. அவ்ளோதான்."

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மீதியிருந்த கட்டங்களை நிரப்பினேன். நிரப்பி முடித்த பிறகே உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

எங்கள் பிரிவில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். எனக்கு மேடையில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். அவரைத் தெரிந்தவர்கள் இதில் பிழை இருந்தால் திருத்தலாம். தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு விவரம் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை அவர்கள் சவ்வாது மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்கம்பிகளோடு வேலை செய்தவர். லைன்மேனாக வந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். நான் அதே மலையில் துணை மின்நிலைய ஆப்பரேட்டர். பத்தொன்பது ஆண்டுகள் அவரும் நானும் பேசிக்கொண்டது பெரும்பாலும் தொலைபேசியில்தான். அவரை நான் பார்த்ததைவிடக் கேட்டது அதிகம்.

அவர் மலையிலேயே பிறந்தவர். குடும்பம் சாமையும் கேழ்வரகும் போட்டு, புளி உலுக்கி வாழ்ந்த குடும்பம். அவருடைய ஊருக்கு மின்சாரம் போனபோது சாலை கிடையாது. கம்பத்துக்கு எட்டுப் பேர் என்று தோளில் சுமந்துகொண்டு போனார்கள். அப்போது அவருக்குப் பள்ளிக்கூட வயது. எந்தக் கம்பத்தை எந்த எட்டுப் பேர் தூக்கினார்கள் என்று ஐம்பது வயதிலும் பெயர் பெயராகச் சொல்வார். அதைப் பார்த்துத்தான் வேலூருக்குப் போய் எலெக்ட்ரீஷியன் படித்தேன் என்பார்.

நான் கலசப்பாக்கத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். பகல் ஷிப்டில் தனியாக இருந்தேன். மலைமேல் ஒரு பெண் ஆப்பரேட்டர் வந்தது அதுவே முதல் முறை. எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள் என்று சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. மதியம் காற்று அடித்தது. மேல்வாடிக்குப் போகும் லைன், அதாவது மேல்வாடி ஃபீடர், டிரிப் ஆகித் தானாகவே அணைந்தது. அவருக்குப் போன் செய்தேன்.

"பயப்படாத ஆப்பரேட்டரம்மா. பேனல்ல எந்தக் கொடி விழுந்து கெடக்குது, அதை மட்டும் சொல்லு" என்றார்.

சொன்னேன். எந்த வகைப் பழுது என்று காட்டும் சின்னக் கொடி அது.

"தெக்கால காத்து. அப்ப அது பலா மரம். பதினேழாவது கம்பம். நான் போய்ட்டு போன் பண்றேன். அதுவரைக்கும் யாரு சொன்னாலும் லைன் போடாத. ஆபீசரே சொன்னாலும் போடாத."

முக்கால் மணி நேரத்தில் அழைத்தார். பலாக்கிளையை வெட்டி எடுத்தாகிவிட்டது, ஆட்கள் இறங்கிவிட்டார்கள், போடலாம் என்றார். போட்டேன். இந்த முறை டிரிப் ஆகாமல் மின்சாரம் ஓடியது. மற்றவர்கள் முதல் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவர் நேராகப் பழுதான இடத்துக்குப் போவார். மலையின் கம்பங்கள் எல்லாம் அவர் தலைக்குள் வரிசையாக நின்றிருந்தன.

சில ஆண்டுகள் கழிந்தன. முதலில் மாறியது அவருடைய குரல். அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அவர் குரலாகவே இருந்தவர் என்பதால் தெரிந்தது. குரல் தடித்தது. வாய்க்குள் நாக்குக்கு இடம் போதாதது போலச் சொற்கள் வந்தன. சளியா அண்ணா என்று கேட்டேன். தலைவலி என்றார். அதன் பிறகு எப்போது கேட்டாலும் தலைவலி என்றார்.

பாதுகாப்புக் காலணிக்கான பட்டியலை எங்கள் பிரிவில் நான்தான் எழுதுவேன். அவருக்கு எட்டாம் நம்பர். ஒரு முறை ஒன்பது என்றார். அடுத்த முறை பத்து கேட்டார். அதற்கடுத்த முறை பதினொன்று. "கடைக்காரன் அளவெல்லாம் சின்னதாக்கிட்டான்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எழுதினேன். கல்யாண மோதிரம் கழற்ற முடியாமல் விரல் வீங்கிப்போய், போளூரில் ஒரு ஆசாரியிடம் அறுத்து எடுத்ததாக அவருடைய மனைவி வள்ளியம்மா பிறகு சொன்னார். ரப்பர் கையுறை உள்ளே போகவில்லை. தாடை முன்னுக்கு வந்தது. பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. இவையெல்லாம் ஒரே நாளில் நடந்திருந்தால் ஊரே கூடியிருக்கும். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நடந்ததால், வயதானால் ஆள் தடிப்பது இயல்புதானே என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

பிறகு மறதி வந்தது. காலையில் கேட்டதை மதியம் மறுபடி கேட்பார். சாமான் எடுக்க ஸ்டோருக்கு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் சொன்னது அவரிடம் தங்காது. ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர் சின்ன விஷயத்துக்குக் கத்தினார். கத்திய பிறகு ஏன் கத்தினோம் என்று முழித்தார். நடுப்பகலில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

குடிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. மலையில் அதைச் சொல்வது எளிது, நம்புவதும் எளிது. அப்போதிருந்த அதிகாரி விளக்கம் கேட்டு ஒரு தாள் கொடுத்தார். நானும் அந்தப் பேச்சைப் பாதி நம்பினேன். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் போனில் அவர் குழறியபோது, "அண்ணா, இன்னைக்கு வேலைக்கு வந்திருக்க வேண்டாமே" என்றேன். நான் என்ன நினைத்துச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. "எனக்கு அந்தப் பழக்கம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த ஐப்பசி மாதத்தில் நடந்ததை எங்கள் பிரிவில் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். முழுதாக நடந்தது இதுதான்.

மேல்வாடி ஃபீடரில் மரக்கிளை வெட்டும் வேலை. வேலைக்கு முன் பொறுப்பாளர் எங்களிடம் எல்.சி. வாங்குவார். அதாவது, நான் லைனை நிறுத்தி, ஒரு எண்ணைக் கொடுத்து, எத்தனை பேர் மேலே ஏறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். வேலை முடிந்து எல்லோரும் இறங்கியதும், பொறுப்பாளர் அதே எண்ணைச் சொல்லித் திருப்பித் தருவார். அதன் பிறகே மின்சாரம் போடுவேன். அன்றைக்குப் பொறுப்பாளர் ஏழுமலை அண்ணன். ஏறியவர்கள் மூன்று பேர்.

பதினொன்றரை மணிக்கு அவர் அழைத்தார். அந்தப் பகுதியில் கைப்பேசி எடுக்காது. கம்பங்களிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த பாறைமேல் ஏறினால்தான் பேச முடியும்.

"வேலை முடிஞ்சிச்சு. ஆளுங்க எறங்கிட்டாங்க. லைன் போடலாம்."

"நம்பர் சொல்லுங்கண்ணா."

சொன்னார். அது முந்தைய நாள் எண். யாருக்கும் ஒரு முறை தவறலாம். ஆனால் எனக்கு ஏதோ உறுத்தியது.

"எத்தினி பேருண்ணா எறங்குனாங்க?"

"ரெண்டு பேரு."

"மூணு பேருன்னு எழுதி வச்சிருக்கறேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துவது கேட்டது.

"குமாரு, டேய் குமாரு, எங்கடா கீற?"

வெகு தூரத்திலிருந்து, பாறைக்குக் கீழேயிருந்து, ஒரு குரல் வந்தது. "மேலதாண்ணா கீறேன். இன்னும் ஒரு கிளை பாக்கி."

வளைவுக்கு அப்பாலிருந்த கம்பத்துக்குக் குமாரை அனுப்பியது அவர்தான். அனுப்பி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அது அவர் நினைவிலிருந்து முழுதாகப் போயிருந்தது. நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான குமார் இன்று இல்லை. என் கை சுவிட்சுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு நான் அந்தப் பேனலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

குமார் இறங்கிய பிறகு அண்ணன் முறைப்படி எண்ணைச் சொல்லித் திருப்பித் தந்தார். பின்மதியம் மின்நிலையத்துக்கு வந்தார். சட்டை முழுக்க வியர்வை. எல்.சி. நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். குறிப்பு எழுதும் கட்டத்தில், அந்தப் பெரிய விரல்களில் பேனாவை இடுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். 'குமார் என்பவர் கம்பத்தில் இருப்பதை மறந்து லைன் போடச் சொன்னேன். ஆப்பரேட்டர் கேட்டதால் தெரிந்தது.' அதன் கீழே கையெழுத்து.

"அண்ணா, எதுவும் ஆகலியே. இது வெளியில யாருக்கும் தெரியாது. எழுத வேணாம்" என்றேன்.

"எழுதலன்னா இதையும் நான் மறந்துடுவேன். அதான்மா பயம்" என்றார்.

அங்கிருந்து நேராகக் குமார் வீட்டுக்குப் போனார். குமாரின் மனைவி எதிரிலேயே, "இன்னைக்கு உன்னை மறந்துட்டேன்டா. நீ செத்திருப்ப" என்று சொன்னார். மன்னிப்புக் கேட்டாரா என்று குமாரிடம் பிறகு விசாரித்தேன். கேட்கவில்லையாம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு நின்றாராம். குமாரின் மனைவி அவரை உட்காரச் சொல்லவில்லை. குமார் அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினார். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் அவர் அதிகாரியிடம் போய், தனக்கு என்ன ஆகிறது என்று தெரியும்வரை எல்.சி. பொறுப்பைத் தன்னிடம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வேலையில் அவருக்கிருந்த மரியாதையெல்லாம் அந்தப் பொறுப்பில்தான் இருந்தது. அதைத் தன் கையாலேயே கழற்றி வைத்தார்.

என் அம்மா வீடு வேலூரில். அங்குள்ள ஒரு பெரிய மருத்துவமனை எனக்குப் பழக்கம். என் விடுமுறை நாளில் அவரையும் வள்ளியம்மாவையும் அழைத்துப் போனேன். மறதிக்கு, தலைவலிக்கு என்று சொல்லித்தான் போனோம். முதலில் பார்த்த மருத்துவர் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுரப்பி நோய்களைப் பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அந்த அம்மா உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "செருப்பு சைஸ் மாறியிருக்கா?" என்பது. நான்தான் பதில் சொன்னேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அது பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம். மருத்துவர் அதை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். வள்ளியம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெனம் கூடவே கீறேன். எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார்.

"தினம் பாக்கறவங்களுக்குத் தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது" என்றார் மருத்துவர்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து அடுத்த முறை போனபோது விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் வந்திருந்தால் ஆள் உயர்ந்துகொண்டே போயிருப்பார். வளர்ந்து முடிந்தவருக்கு வந்ததால் கையும் காலும் தாடையும் நாக்கும் தடித்தன. இதயமும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

"மறதியும் அதனாலதானாம்மா?" என்று அண்ணன் கேட்டார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஞாபகம் வச்சுக்கற எடம், கவனத்தைப் பிடிச்சு நிறுத்தற எடம், மூளையில இந்த ரெண்டுமே இந்த ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட எடங்கள். அளவா இருந்தா அதுக்கு நல்லது. வருஷக்கணக்கா அதிகமா இருந்தா அந்த எடங்கள் தடுமாறும். அதோட உங்களுக்கு நாக்கு தடிச்சு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. சரியான தூக்கம் இல்லாதவருக்கும் மறதி வரும். தலைவலி, பிரஷர் வேற. இதுல எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இது நீங்க வரவழைச்சுக்கிட்டது இல்ல."

பிறகு ஒரு சோதனை வைத்தார். மாம்பழம், சாவி, கோயில், சிவப்பு, ஆடு என்று ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார். வேறு ஏதேதோ பேசிவிட்டுச் சில நிமிடம் கழித்து அவற்றைக் கேட்டார். அண்ணன் நெற்றியைத் தடவினார். மாம்பழம் என்றார். வெகு நேரம் கழித்து ஆடு என்றார். அதற்குமேல் வரவில்லை. முகம் சுருங்கியது.

"பழசு கேளுங்கம்மா, சொல்றேன்" என்றார்.

"என்ன பழசு?"

"எங்க லைனு."

முதல் கம்பம் மின்நிலைய வாசல். இரண்டாவது கிணற்று மேடு. மூன்றாவது இரட்டைக் கம்பம், பீங்கான் இன்சுலேட்டர் மாற்றியது. இப்படித் தொடங்கி நாற்பத்துச் சொச்சம் கம்பங்களையும் வரிசை தவறாமல், பக்கத்தில் நிற்கும் மரம், பாறை, வளைவு எல்லாம் சேர்த்துச் சொல்லி முடித்தார். மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டார். பழைய நினைவு என்னும் நோட்டு பத்திரமாக இருக்கிறது, புதிய பக்கத்தில்தான் பேனா சரியாக ஓடவில்லை என்றார்.

வெளியே வந்து டீ குடித்தோம். அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் குடிக்காமல் இருந்தார்.

"அப்ப நான் கெட்டுப் போவல" என்றார்.

வள்ளியம்மா, "யாரு சொன்னா கெட்டுப்போய்ட்டன்னு" என்றார்.

"நானேதான் நெனைச்சிக்கினு இருந்தேன். வேலையில அக்கறை போயிடுச்சு, மனசு மரத்துப்போச்சுன்னு. ரெண்டு மூணு வருசமா இதான் ஓட்டம்" என்றார்.

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குடித்திருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு நான் போனில் கேட்டதை அவர் மறந்திருக்கலாம். நானே எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீ கேக்காம வேற யாரு கேப்பா" என்றார். அதைச் சொன்னாரா, எத்தனை பேர் இறங்கினார்கள் என்று நான் கேட்டதைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

மூக்கின் வழியாகக் கருவியைச் செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போயிருந்தபோது குமார் வந்தார். கையில் ரொட்டிப் பொட்டலம். உள்ளே வந்து கட்டில் ஓரமாக நின்றார். அண்ணனுக்கு மூக்கில் பஞ்சு. கிளம்பும்போது குமார் வள்ளியம்மாவிடம், "ஊசி போட மாசா மாசம் வரணுமாமே. நான் கூட்டிக்கினு வர்றேன்" என்றார். கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை, ஊசி தொடர்ந்து போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாதம் ஒரு நாள், அமிர்தி வழியாக, குமாரின் வண்டியில்தான் அவர் வேலூருக்குப் போய் வந்தார். தன்னை மறந்தவரைத் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்துக் காட்டுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார் குமார். அந்தப் பயணங்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் சொன்னதில்லை.

தலைவலி நின்றது. குறட்டை குறைந்தது, பகல் தூக்கம் போனது. சில வாரங்களில் விரல்களின் வீக்கம் வடிந்தது. எலும்பு தடித்தது தடித்ததுதான், அது திரும்பாது என்றார்கள். மறதியில் ஒரு பங்கு சரியானது. கோபம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பழைய கூர்மை முழுதாக வரவில்லை. மருத்துவர் அதை மறைக்காமல் சொன்னார். "வந்த வரைக்கும் லாபம்னு வச்சுக்குங்க. மீதிக்கு வேற வழி பாத்துக்கணும்."

அந்த வேறு வழியைத்தான் அவர் செய்தார். வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு தகரப் பலகை செய்து, வரிசையாகக் கொக்கிகள் அடித்தார். ஆளுக்கு ஒரு அலுமினிய வில்லை, அதில் பெயர் குத்தியிருக்கும். கம்பத்தில் ஏறுகிறவர் தன் வில்லையைத் தானே மாட்ட வேண்டும். இறங்கியதும் தானே எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. பலகை காலியானால்தான் பொறுப்பாளர் எனக்குப் போன் செய்யலாம். நானும் எண்ணைக் கேட்பதற்கு முன் பலகையைக் கேட்க வேண்டும்.

புதிதாக வந்திருந்த இளம் பொறியாளர் நல்லவர். ஆனால் கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு வேணும்னா நீங்க வச்சுக்குங்க. எல்லாரும் எதுக்கு?" என்றார்.

அண்ணன் சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "சார், எனக்கு மறதி இருக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் இருக்குது, ஆனா உங்களுக்குத் தெரியாது. அவ்ளோதான் வித்தியாசம்."

முதலில் கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி என்றார்கள். ஓர் ஆடி மாதம், குமார் பொறுப்பாளராக இருந்த நாள், நான்கு பேர் ஏறி இறங்கினார்கள். பலகையில் ஒரு வில்லை மட்டும் பெயர் பின்பக்கமாகத் திரும்பித் தொங்கியது; அடுத்தவர் வில்லையைத் தொடக் கூடாது என்பதால் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. இறங்காதவர் யார் என்று கம்பம் கம்பமாகத் தேடினார்கள். அரை மணி நேரம் கழித்து யாரோ வில்லையைத் திருப்பிப் பார்த்தால் அதில் குமாரின் பெயர். நடுவில் தானும் ஒரு முறை ஏறியிருக்கிறார், இறங்கியதும் எடுக்க மறந்துவிட்டார். இத்தனை நேரமும் தன்னையே தேடியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அரை மணி நேரம் கரண்டு இல்லாம ஊரு இருந்துக்கும்" என்றார். அதன் பிறகு அந்தப் பலகையை யாரும் கேலி செய்யவில்லை. இன்றும் எங்கள் ஜீப்பில் அது இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து எல்.சி. பொறுப்பு அவரிடம் திரும்பி வந்தது. அதன் பிறகு எட்டு ஆண்டுகளுக்கு மேல் அதை வைத்திருந்தார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, சொன்னதை உடனே எழுதுவார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் கையை உயர்த்தி, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க, எனக்கு அப்பதான் நிக்கும்" என்பார். இதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஓய்வு பெறும் நாள்வரை அவர் கொடுத்த எண் ஒன்றுகூடத் தவறவில்லை. என் நோட்டுகளில் அது இருக்கிறது.

ஓய்வுக்குப் பின் ஊருக்குப் போய்ச் சாமை போட்டார். கடைசி ஆண்டில் இதயம் தளர்ந்தது, மறதியும் சற்றுக் கூடியது. போன கார்த்திகையில் என் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததைச் சொல்லப் போயிருந்தேன். களத்தில் சாமை உலர்ந்துகொண்டிருந்தது.

"பையன் இன்னா பண்றான்மா?"

வேலை கிடைத்ததைச் சொன்னேன். முகம் மலர்ந்துபோனது. "வள்ளி, கேட்டியா? ஆப்பரேட்டரம்மா பையனுக்கு வேலை கெடைச்சிருச்சு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். வள்ளியம்மா ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம், புளியைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டார். "பையன் இன்னா பண்றான்மா?" சொன்னேன். அதே மலர்ச்சி. அதே குரலில் வள்ளியைக் கூப்பிட்டார். வள்ளியம்மாவும் இன்னொரு துண்டு வெல்லம் கொண்டுவந்தார். மூன்றாம் முறையும் இப்படியே நடந்தது. அப்போது என் கையில் தின்னாமல் இருந்த வெல்லத்தைப் பார்த்துவிட்டார்.

"இது எத்தினியாவது தடவை?"

"மூணாவதுண்ணா."

சிரித்தார். "பரவால்ல. நல்ல சேதிதானே" என்றார்.

அதுதான் நான் அவரோடு கடைசியாகப் பேசியது.

வியாழன் மதியம் அவருடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறைந்திருந்தது. சுற்றியிருந்த சிற்றூர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். எங்கள் பிரிவில் அன்றைக்குப் பணியில் இல்லாத அத்தனை பேரும் இருந்தார்கள். வேலூரிலிருந்து அந்த மருத்துவர் வள்ளியம்மாவுக்குப் போன் செய்து பேசினாராம். குமாரின் மனைவி வள்ளியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை, அவராகவே வந்து உட்கார்ந்ததாகக் கவிதா சொன்னாள்.

பொழுது சாய்வதற்கு முன் எடுத்தார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தவர் குமார். பெண்கள் ஊர் எல்லையில் நின்றுவிட்டோம். அறுவடை முடிந்த சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அவர்கள் மெதுவாக இறங்கினார்கள். சரிவில் யாருடைய காலும் வழுக்கிவிடக் கூடாது என்று குமார் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இருப்பவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே போனார். கல் இருக்குது, பாத்து. பள்ளம், பாத்து. மேளச் சத்தம் அடங்கிய பிறகும் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணா, இத்தனை ஆண்டுகளில் நீங்கள் கம்பத்தில் ஏற்றிய ஆட்கள் அத்தனை பேரும் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. நான் எழுதி வைத்திருக்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.